இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அளந்த வோல்டேஜ்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன், அப்பாவின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, அதனால் அந்த வரியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். நீயும் மருமகளும் நம் வாலுப் பயலும் நன்றாக இருக்கிறீர்களா, அவனுக்கு முன்பல் விழுந்ததாகச் சொன்னாயே, முளைத்துவிட்டதா? வாரம் தவறாமல் போனில் பேசுகிறோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். நடுவில் ஒரு கரண்ட் பாடமும் வரும், சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியது போலத் தாண்டிப் போகாமல் படி.

அப்பாவின் மூச்சுக்காகக் கூடத்தில் வைத்திருக்கும் ஆக்ஸிஜன் மெஷின் கொஞ்ச நாளாகத் திடீர் திடீரென்று கத்த ஆரம்பித்தது. அது கத்தினால் காற்று சரியாக வரவில்லை என்று அர்த்தம், நான் தைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். மெஷின் கம்பெனி ஆள் அதை எடுத்துப்போய் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தான், அன்றைக்கு அப்பாவை சிலிண்டரில் சமாளித்தோம். மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா, உங்க வீட்டு லைனைப் பாருங்க என்றான். கரண்ட்காரரைக் கூப்பிட்டேன், அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரைக் குத்திப் பார்த்து, இருநூத்தி முப்பது வோல்ட் ஜம்முனு இருக்கு, மெஷினைப் பாருங்க என்று கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் பந்தை மாற்றி மாற்றி உதைத்தார்கள், நடுவில் மூச்சு வாங்கியது உன் அப்பாவுக்கு. இப்படியே போனால் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைக்க வேண்டியதுதான் என்று பேச்சு வந்தது, அவர் செத்தாலும் போகமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே, நூல் ஏன் அறுகிறது என்று தெரியாமல் அடுத்த துணியை எடுக்கமாட்டேன். எப்போதெல்லாம் கத்துகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். நான் சட்டைக் காலருக்கு இஸ்திரி போடுகிற நேரத்தில்தான் கத்துகிறது. மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே சுவிட்ச் போர்டில் இருக்கின்றன, போர்டைத் தொட்டால் வெதுவெதுப்பு. அப்போதுதான் உறைத்தது, கரண்ட்காரர் வருகிறார் என்று நான் அன்றைக்கு எல்லாவற்றையும் அணைத்து, ஒயரையெல்லாம் சுருட்டி, கூட்டிப் பெருக்கி வைத்திருந்தேன், பெண் பார்க்க வருகிற மாதிரி. மறுபடி அவரை வரவழைத்து, எல்லாம் ஓடும்போது அளந்து பாருங்களேன் என்றேன். வோல்ட்டு எப்ப அளந்தாலும் வோல்ட்டுதாங்க என்று சிரித்தார். மெஷின் மட்டும் ஓடும்போது இருநூற்று இருபது காட்டியது. இஸ்திரிப் பெட்டியையும் போட்டதும் நூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு இறங்கியது, மெஷின் கத்தியது, அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

மெயினை அணைத்துவிட்டுப் போர்டைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகு தளர்ந்து, ஒயர் நுனி கருகிக் கிடக்கிறது. வோல்டேஜ் என்பது தள்ளுகிற அழுத்தம், கரண்ட் என்பது ஓடுகிற அளவு, ரெசிஸ்டன்ஸ் என்பது வழியில் நிற்கிற தடை, இந்தத் திருகுதாங்க தடை என்றார். நான் விடுவேனா, தடை போன தடவையும் இங்கேயேதானே இருந்தது, அப்போது மட்டும் எப்படி முழு வோல்ட் காட்டியது என்று கேட்டேன். மனுஷர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயை நடுவில் மடித்து, நுனியைக் கட்டைவிரலால் அடைக்கச் சொன்னார். மடிப்பு இருந்தும் தண்ணீர் முழு அழுத்தத்தோடு விரலைத் தள்ளுகிறது. விரலை எடுத்தேன், ஒழுகுகிற மூக்கு மாதிரி சொட்டுகிறது. ஓட்டம் இல்லாதவரை தடை தன்னைக் காட்டிக்கொள்ளாது, ஓட விட்டால்தான் தெரியும். தடையையும் ஓடுகிற கரண்டையும் பெருக்கினால் எவ்வளவோ, அவ்வளவு வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்து சூடாகிவிடுமாம், ஓட்டமே பூஜ்யம் என்றால் தொலைவதும் பூஜ்யம். இரண்டும் ஓடும்போது ஐந்து ஆம்பியர் ஓடும் என்றார் அவர், இருநூற்று முப்பதில் முப்பத்தைந்து வோல்ட் தொலைந்தது, அப்படியென்றால் தடை ஏழு ஓம் என்று துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் மேஜையிலேயே போட்டுப் பார்த்தேன். அப்பா மூக்கில் குழாயோடு சிரித்தார். புது ஒயர் போட்டாயிற்று, இஸ்திரிப் பெட்டிக்குத் தனி லைன் இழுத்தாயிற்று, மெஷின் இப்போது வாயைத் திறப்பதில்லை.

இதோடு முடிந்திருந்தால் போனிலேயே பெருமையடித்திருப்பேன். ஆனால் ஓடும்போது அளக்க வேண்டும் என்பது மண்டையில் ஏறிவிட்டதே, அது சும்மா இருக்கவில்லை. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவியை நீ அனுப்பினாயே, ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வதற்கு முன்னால் அப்பா என்ன செய்வார் தெரியுமா, நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தலை சீவி, நிதானமாக மூச்சை இழுத்து விட்டு, அப்புறம்தான் விரலை நீட்டுவார். தொண்ணூற்றைந்து. டாக்டரிடமும் அப்படித்தான், சக்கர நாற்காலியில் போய் உட்கார்ந்தபடி காட்டுவார். ஒரு நாள் அவர் மூக்குக் குழாய் இல்லாமல் குளியலறையிலிருந்து நடந்து வந்தபோது வழியிலேயே கையைப் பிடித்தேன். இரு, உக்காந்துக்கறேன் என்றார். நின்னுக்கிட்டே காட்டுங்க என்று மாட்டினேன். எண்பத்திரண்டு. நான் பதறிப்போனேன், அவர் பதறவே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. அவருக்கு முன்பே தெரியும். ஒக்காந்தா ஏறிடும், பையனுக்கு அங்க ஆயிரம் வேலை, அவனைக் கலங்கடிக்காதே என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன, இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். அவர் வராந்தாவில் அப்பாவை நடக்கவிட்டுத் தானே அளந்து பார்த்தார். நடக்கும்போதும் ஆக்ஸிஜன் வேண்டும் என்று அளவை மாற்றி எழுதி, வீடு முழுக்க எட்டுகிற நீளக் குழாய் வாங்கச் சொன்னார், வாங்கிவிட்டேன், அதைக் காலில் சுற்றிக்கொள்ளாமல் நடக்க இப்போது பழகுகிறார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரல் தான் நினைத்திருந்ததைவிட அதிகமாகச் சுருங்கிவிட்டது, பையன் வருவதாக இருந்தால் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

நீ வருஷக் கடைசியில் லீவு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாய். அதுவரை பொறுக்காதே கண்ணு, இப்போதே வா. வந்தால் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடாதே, அவரோடு கொஞ்சம் நட. வாசலிலிருந்து பின்பக்கம் வரை அவர் இன்னும் நடக்கிறார், நான்கைந்து இடத்தில் நின்று நின்று. நிற்கும்போது பக்கத்தில் ஒரு தோள் இருந்தால் நன்றாக இருக்கும், என் தோள் அவருக்கு உயரம் பத்தவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடு, மருமகளை அதட்டாதே, மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அவர் தொண்ணூற்றைந்து என்று சொன்னால், சரிப்பா, சந்தோஷம் என்று மட்டும் சொல். போன்ல அவன்கிட்ட எதுவும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். போனில் நான் எதுவும் சொல்லவில்லை.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா