பைலட் இல்லாமல் உள்ளே வந்த கப்பல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். பெரியத்தானுக்கு மூச்சுத்திணறல் இப்போது எப்படி இருக்கிறது? புது மருந்து ஒத்துக்கொள்கிறதா? நீ ஒருத்தியாக வீட்டையும் ஆஸ்பத்திரியையும் இழுத்துக்கொண்டு கிடக்கிறாய். அதற்கு மேல் இந்தப் பாரத்தையும் உன் தலையில் வைக்கிறேனே என்று கூசுகிறது. ஆனால் வேறு யாரிடம் போவேன்?

போனில் நீ கேட்டபோதெல்லாம் பாதிதான் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் இவர் இருக்கிறார். வாயைத் திறந்தால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். முதலிலிருந்தே சொல்கிறேன்.

இவருடைய துறைமுகப் பைலட் வேலை உனக்குத் தெரியும். வெளியே வந்து நிற்கிற கப்பலுக்குப் படகில் போய், கயிற்றேணியில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, குறுகலான துறைமுக வாய் வழியாக உள்ளே கொண்டுவந்து சேர்ப்பது. பைலட் ஏறாமல் எந்தக் கப்பலும் உள்ளே வரக்கூடாது என்பதுதான் இத்தனை காலமும் சட்டம். போன வருஷம் அதைத் தளர்த்தினார்கள். இதே கரையில் அடிக்கடி வந்துபோகிற சின்னச் சரக்குக் கப்பலுக்குப் பைலட் கட்டாயமில்லை, அந்தக் கேப்டன் பரீட்சை எழுதி விலக்குச் சான்றிதழ் வாங்கினால் போதும் என்றார்கள். நம் தம்பி கேப்டனாக இருக்கிற கப்பல் அந்த வகை.

அந்த விலக்கைக் கேட்டு, கூட்டத்தில் கேப்டன்கள் சார்பாகப் பேசியதே தம்பிதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தத் துறைமுகத்துக்குள் வந்துவிடுவேன், பைலட்டுக்காக வெளியே ஆடிக்கொண்டு கிடக்கணுமா என்று கேட்டானாம். எதிர்வரிசையில் இவர். உனக்கு வழி தெரியும் மச்சான், தண்ணிக்கு உன்னைத் தெரியாதே என்று இவர் சொல்ல, கூட்டமே சிரித்ததாம். அன்றைக்கு இரண்டு பேரும் நம் வீட்டில்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். உப்பு ஜாடியை அலைத்தடுப்புச் சுவராக வைத்து, கரண்டியைக் கப்பலாக்கி, சாப்பாடு ஆறி அவலாகும்வரை சண்டை. நான் அதட்டித்தான் சாப்பிட வைத்தேன். கோபமே இல்லாத சண்டை அக்கா அது. தம்பி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவன் கெட்டிக்கார மாலுமி என்று இவரே ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறார்.

பிறகு நடந்ததைத்தான் இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை. சின்னக் கப்பல்கள் பைலட் கேட்பது நின்றதும், இத்தனை பேர் எதற்கு என்று பைலட்டுகளைக் குறைத்துவிட்டார்கள். இருந்த படகுகளில் ஒன்றைக் கரையேற்றிப் போட்டுவிட்டார்கள். விலக்கு வாங்கிய கேப்டன், வானிலை மோசமாக இருக்கிற நாளில் பைலட் வேண்டும் என்று கேட்கலாம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. கேட்கலாம். வருவதற்கு ஆள் வேண்டுமே.

அன்றைக்குக் காலையில் அப்படி ஒரு மூடுபனி. எங்கள் மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. இவர் துறைமுகத்துக்குள் ஒரு எண்ணெய்க் கப்பலை வெளியே கொண்டுபோக ஏறி, பனி விலகட்டும் என்று காத்திருந்தார். வெளியிலிருந்து தம்பி போன் போட்டிருக்கிறான். அத்தான், முன்னால ஒண்ணுமே தெரியல, யாரையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டானாம். நான் இதை விட்டு இறங்க முடியாது, நீ வெளியிலேயே நங்கூரம் போட்டு நில்லு, முடிச்சிட்டு நானே வர்றேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். சரி என்றுதான் வைத்தானாம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன். கம்பெனி ஆபீஸ்ல விடமாட்டேங்கிறாங்க அத்தான், காத்துக் கிடக்கிறதுக்கா உனக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோம்னு கேக்கிறாங்க, மெதுவா ஓரமா வந்துடறேன் என்றானாம். வராதேடா என்று இவர் கத்துவதற்குள் வைத்துவிட்டான்.

துறைமுக வாயருகே நீரோட்டம் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது. தடுப்புச்சுவர்க் கல்லில் மோதி எஞ்சின் அறை கிழிந்தது. கீழே இருந்த எஞ்சினியரும் அவருக்குத் துணையாக வேலை பார்த்தவரும் மேலே வரவேயில்லை. எஞ்சினியரை உனக்குத் தெரியும். நீ வந்திருந்தபோது தம்பியோடு வந்து, உன் பெட்டியின் பூட்டைச் சரிபண்ணிக் கொடுத்து, இனிமே இது உங்களுக்கே திறக்காது என்று கேலி பண்ணினாரே, அவர்தான்.

விசாரணை வைத்தார்கள். ரேடியோவில் பேசியிருந்தால் பதிவாகியிருக்கும். இவர்கள் சொந்த போனில் பேசிக்கொண்டதால், என்ன பேசினார்கள் என்பதை இவர்தான் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன் அக்கா. நில்லு என்று சொன்னதை மட்டும் சொல்லாதீர்கள், அவன் உள்ளே போய்விடுவான் என்றேன். எஞ்சினியர் சம்சாரம் முன்வரிசையில உட்கார்ந்திருக்கும், அந்த முகத்துக்கு முன்னால எப்படிம்மா முழுங்குவேன் என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். ஆபீசிலிருந்து நெருக்கியதையும் சேர்த்துத்தான் சொன்னார். கம்பெனி வக்கீல் எழுந்து, அந்த நெருக்கடியை நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்களா என்றார். இல்லை, மச்சான் சொன்னான் என்றார் இவர். அவ்வளவுதான், அது கணக்கில் வராது என்று தள்ளிவிட்டார்கள். நில்லு என்று சொன்னது மட்டும் கணக்கில் வந்தது. விலக்கு பெற்ற கேப்டன் எப்போது உள்ளே வருவது என்பது முழுக்க அவர் முடிவு என்று வாசித்தார்கள். கேப்டன் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு உயிருக்காகத் தனி வழக்கும் வரப்போகிறது. தப்பிக்க வழியே இல்லை என்று நம் வக்கீலே சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் தம்பி இவர் கையைப் பிடித்துக்கொண்டு, சரியாத்தான் சொன்னீங்க அத்தான் என்றான். திட்டியிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். அன்றிலிருந்து சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார். ஏணியில் ஏறுவதற்கு முன் கயிற்றை இரண்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறாராம், படகு ஓட்டுகிறவர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். எனக்கோ இவரைத் திட்டவும் வாய் வரவில்லை, ஆறுதல் சொல்லவும் வரவில்லை. ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற இரண்டு பேர் மாதிரி இருக்கிறோம்.

விலக்கை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். இந்த மாதத்திலிருந்து இன்னும் கொஞ்சம் பெரிய கப்பல்களுக்கும் கொடுக்கிறார்களாம்.

இனிமேல் எழுதுவதுதான் நான் போனில் சொல்லாதது.

போன வாரம் தம்பியின் அறைக்குப் போனேன். குப்பைக்கூடையாகக் கிடக்கும் அறை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முகம் மழித்திருந்தான். நல்ல ஷூக்களை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டானாம். பைனாகுலரை இவரிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் வைத்தான். எதுக்குடா இதெல்லாம் என்றேன். நான் இனிமே எதைப் பார்க்கணும் அக்கா என்று சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தான். எங்களோடு வந்து இரு என்றேன். அத்தான் முகத்தைப் பார்க்கமுடியாது என்றான். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, எனக்கு என்ன காய்ச்சலா என்றான். அறையின் இன்னொரு சாவியை அவனுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறேன். தினமும் போய்க் கதவைத் தட்டுகிறேன். இப்போதெல்லாம் உள்ளிருந்தே, நல்லாருக்கேன் போ அக்கா என்கிறான். என் போனை எடுப்பதேயில்லை.

உன் போனை எடுக்கிறான். நீதான் அவனுக்கு அம்மா மாதிரி.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. பெரியத்தானை யாரிடம் விட்டுவிட்டு வருவாய்? அவனோடு பேசினால் மட்டும் போதும். வழக்கைப் பற்றிக் கேட்காதே, இவரைப் பற்றியும் கேட்காதே. நான் எழுதினேன் என்று சொல்லாதே. உன் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, என்ன பண்ணலாம் என்று கேள். பெரியத்தான் மருந்தைத் துப்புகிறார் என்று புலம்பு. அவன் யோசித்து நாளைக்குச் சொல்றேன் என்று சொல்கிற மாதிரி எதையாவது கேள் அக்கா. அப்படிச் சொல்லிவிட்டான் என்றால் விடாதே, மறுநாளே கூப்பிட்டு என்னடா ஆச்சு என்று கேள். அன்றைக்கும் நாளைக்குச் சொல்றேன் என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டுதான் போனை வை.

அவனை உன்னிடம் விட்டிருக்கிறேன். பெரியத்தான் சீக்கிரம் தேறி எழ வேண்டும், நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை