லாக்கர் சாவியோடு ஊட்டிக்கு

செப்டம்பர் 9, செவ்வாய்

நாளை விடிந்ததும் ஏற்காடு, அப்புறம் ஊட்டி. கல்யாணமாகி ஏழு வருஷமாக சோழவரம் ஏரியைத் தாண்டிக் கூட்டிப்போகாத ஸ்டீவனுக்கு, திடீரென்று பெண்டாட்டி மேல் பாசம் பொங்குகிறது. செகண்ட் ஹேண்ட் கார் வந்த தெம்பு போல.

எனக்குத்தான் அடித்துக்கொள்கிறது. திங்கட்கிழமை தேர்வாய் கண்டிகையில், எங்கள் கம்பெனியில் இன்டர்வியூ. பேக்கிங் லைனில் காண்ட்ராக்டில் இருக்கும் சிலரை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள். நானும் அதில் இருக்கிறேன். "ஞாயித்துக்கெயம ஊட்ல இருப்போம்டி, பேஜாரு பண்ணாத" என்றான். எங்களுக்கு லீவு என்றால் எழுத்து கிடையாது. காண்ட்ராக்டர் ஆள் அன்புராஜிடம் வாயால் சொன்னால் போதும். அன்புராஜ் இவன் கூட்டாளி. என் லீவைத் தானே அவனிடம் சொல்லிவிட்டதாக ஸ்டீவன் சொன்னான்.

செப்டம்பர் 10

ஏற்காடு. பூங்காவில் ஒரு பூவை நின்று பார்க்க விடவில்லை. செடிக்குச் செடி போட்டோ. "சிரிடி, அம்மா ஸ்டேட்டஸ் பாக்கும்." மாமியார் பார்ப்பதற்காக நான் பல்லைக் காட்ட வேண்டும். காட்டினேன்.

செப்டம்பர் 11

ஊட்டி மலை ஏறி முடிக்கும்வரை சண்டை. காரணம்? கார் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, ஊட்டி

மியூசியத்தில் பாடம் பண்ணிய புலி. "உன்ன மாதிரியே மொறைக்குது பாரு" என்றான். சனியன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் எடுத்துவிட்டான்.

ராத்திரி சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்கிறான், கொடைக்கானலையும் பார்த்துவிட்டு செவ்வாய்க்கிழமை போகலாமாம். திங்கட்கிழமை இன்டர்வியூ என்றேன். "பாத்துக்கலாம்." என்னத்தைப் பார்த்துக்கொள்வது?

செப்டம்பர் 13

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

பூங்காவில் இருக்கும்போது லைனில் என் பக்கத்தில் நிற்கும் நந்தினி போன் பண்ணினாள். "இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வேலைய வுட்டு நின்னுட்ட? லாக்கர் சாவிய கேக்கறாங்கோ." நான் எங்கேடி நின்னேன்? "அன்புராஜ் அண்ணன்தான் சொல்லிக்கினு இருக்காரு, உன் ஊட்டுக்காரரே சொன்னாராம்."

கம்பெனி லாக்கர் சாவி என் பையில்தான் இருக்கிறது. அதை ஸ்டீவன் முகத்துக்கு நேரே ஆட்டிக் கேட்டேன். ஒளிக்கக்கூட இல்லை. "நா பத்து வருசமா காண்ட்ராக்டுல கெடக்கறேன். நீ பர்மனென்டு ஆயிட்டா எவன்டி என்ன மதிப்பான்? அதான் ஊர் சுத்த கூட்டினு வந்துக்கிறேன் இல்ல?"

பாவி. அந்தப் பூ, அந்தப் புலி, அந்தச் சிரிப்பு எல்லாம் இதுக்குத்தானா? என்னை வெளியூரில் கட்டிப்போட ஒரு காரு! என்னால தாங்க முடியல. வாயில வந்ததெல்லாம் திட்டினேன். ஜனங்க வேடிக்கை பாத்தாங்க. பாக்கட்டும்.

செப்டம்பர் 14

பஸ்ஸில் எழுதுகிறேன். அவன் தூங்கி எழுவதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கொடைக்கானலை அவனே பார்த்துக்கொள்ளட்டும். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 15

யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு எப்போதும் போல கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனேன். கேட்டில் பேர் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். நகரமாட்டேன் என்று நின்றேன். லைன் இன்சார்ஜ் ஜோதிலட்சுமி மேடம் வந்தார். "நீதான் நின்னுட்டியாமே?"

"நான் சொன்னேனா மேடம்? என் வாயால சொன்னேனா?" சாவியைக் காட்டினேன். "நிக்கறவ இத குடுத்துட்டுத்தான போவா?"

சாவியை வாங்கி நம்பரைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "சரி, உள்ள வா. இன்டர்வியூக்கு லேட்டாவுது."

கேட்டருகே நின்ற அன்புராஜ் தலையைத் திருப்பிக்கொண்டான்.

செப்டம்பர் 24, புதன்

ஸ்டீவன் ஊருக்கு வந்து அவன் அம்மா வீட்டில் இருக்கிறான். அவன் ஸ்டேட்டஸில் மட்டும் நாங்கள் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. இன்றைக்கு அந்தப் புலி போட்டோ. மாமியார் ஆரோக்கியமேரி போன் பண்ணி, "சோடி நல்லாக்கீதும்மா, வந்துடேன்" என்றார். ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டேன்.

பர்மனென்ட் ஆட்களுக்கான புது ஐ.டி. கார்டுக்கு இன்று என்னைப் போட்டோ எடுத்தார்கள். கேமராக்காரர் இரண்டு தடவை அழித்துவிட்டார். "மேடம், இவ்ளோ சிரிக்கக் கூடாது. பல்லு தெரியாம நில்லுங்க."

எனக்கு வாயை மூடவே முடியவில்லை.