கொலுவில் இறங்கிய விமானங்கள்

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கணும். சாஹித்யா இப்போதுதான் தூங்கினாள். நீங்கள் பிரான்ஸுக்குப் பயிற்சிக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. போனில் பேசினால் அழுகிறேன், எழுதினால் அழுவதில்லை என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். அதனால் இந்த டைரி. அனுப்பத் தகுந்த பக்கங்களை மட்டும் காலையில் படம் எடுத்து அனுப்புவேன். மற்றதெல்லாம் எனக்கு.

கிளம்பும்போது சொன்னது ஞாபகம் இருக்கிறது. தசரா முடிவதற்குள் விமானம் பழுதுபார்க்கிற உங்கள் ஹேங்கரில் கேட்பார்கள் – ஹைதராபாத்தா, சென்னைக்கு மாற்றலா என்று. முடிவை என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள்.

குகட்பள்ளிக்கு வந்த நாளிலிருந்து இந்த அபார்ட்மெண்டில் என்னிடம் ஒழுங்காகப் பேசுவது லிஃப்ட் மட்டும்தான். சாஹித்யா பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொல்கிறார். ஐந்து வயதுக் குழந்தை. வீட்டில் வாய் மூடுவதில்லை, அங்கே போய் ஊமையாக உட்கார்ந்தால் – பயமாக இருக்கிறது.

நவராத்திரிக்குக் கொலு வைக்கப் போகிறேன். கொலு என்றால் நாலு பேர் வருவார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கொலுவுக்கு உங்கள் மகள் போட்ட நிபந்தனை: "அப்பாவோட பிளேன் எல்லாம் படியில இருக்கணும்."

கீழே ஓரமாகப் பார்க் போட்டு அதில் வைக்கலாமே என்றேன்.

"பார்க்ல பிளேன் எப்படிம்மா இறங்கும்?"

நியாயம். உங்கள் அலமாரியில் இருக்கிற மாடல்கள் நாலும் இன்று ஓடுகிறவை: ஏ320, 777, 787, புது ஏ350. "பழசெல்லாம் எங்க?" என்று அடுத்த கேள்வி. ஏர் இந்தியா அன்றிலிருந்து இன்றுவரை ஓட்டின விமானங்களை எல்லாம் தூங்கும்போது கதையாகச் சொன்னது யார்? வேறு அப்பாக்கள் நரிக்கதை சொல்கிறார்கள்.

அத்தையிடம் பொம்மை கேட்டேன். "கொலு வைக்கிறியா, ஏர்போர்ட் கட்டுறியா?" என்றார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, "உங்க மாமனார் குவைத்துக்கு 707லதான் போனாரு. அதை விட்டுடாதே" என்றார்.

செப்டம்பர் 19, வெள்ளி

விரலெல்லாம் ஃபெவிகால்.

1932இல் தபால் சுமந்த பஸ் மாத் விமானம், தீப்பெட்டியில். டகோட்டா, பற்பசை அட்டையில். கான்ஸ்டலேஷனுக்கு வாலில் மூன்று துடுப்பாம், ஐஸ்கிரீம் குச்சி. 747க்கு கெட்சப் பாட்டில். முதுகில் அந்தக் கூனுக்கு அரை எலுமிச்சம்பழத்தை ஒட்டினேன், ஒரே நாளில் சுருங்கிவிட்டது. இப்போது தெர்மாகோல். எம்.எஸ்ஸி. படித்தது இதற்குத்தான்.

707களுக்கு மலைகளின் பெயர், 747களுக்குச் சக்கரவர்த்திகளின் பெயர் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். அதனால் 707இல் அன்னபூர்ணா என்று எழுதினேன். பாட்டில் இரண்டு இருந்தது. ஒன்று இராஜேந்திர சோழன், இன்னொன்று கிருஷ்ணதேவராயர்.

செப்டம்பர் 21, ஞாயிறு

படியில் எது மேலே? வயதில் மூத்தது என்று பஸ் மாத்தை உச்சியில் வைப்பதா? கொலுவில் கீழிருந்து மேலே உயர்ந்துகொண்டே போகணுமே. கடைசியில் தீப்பெட்டி முதல் படியில், மேலே போகப் போகப் புதுசு. ஏ350 அம்பாளுக்கு அடுத்த படியில் உட்கார்ந்திருக்கிறது. அத்தை கேட்டால் அம்பாளின் புது வாகனம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அபார்ட்மெண்ட் குரூப்பில் அழைப்பு போட்டுவிட்டேன். தினமும் மாலை ஆறிலிருந்து எட்டுவரை வீட்டில் இருப்போம், தாம்பூலம் வாங்கிக்கொள்ள வரணும் என்று. எல்லோரும் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

யாரும் வரவில்லை. கொண்டைக்கடலைச் சுண்டல், ராத்திரிச் சாப்பாடும் அதுதான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

யாரும் வரவில்லை. பாசிப்பயறு. எங்கிருந்தோ பாட்டும் கைத்தட்டலும். நம் ஜன்னல் ரோட்டுப்பக்கம் அல்லவா, ஏதோ கோயில் ஸ்பீக்கர் போல. ஜன்னலைச் சாத்தினேன்.

செப்டம்பர் 24, புதன்

எதிர் ஃபிளாட் அனுபமாவை லிஃப்டில் பார்த்தேன். பட்டுப்புடவை, கையில் தட்டு நிறையப் பூ. சிரித்தாள். எங்கேயோ போனாள். நம் வீட்டுக்கு இல்லை.

எதுக்கு வரலை? சாமி படியில கெட்சப் பாட்டில வெச்சா யாரு வருவா. சிரிக்கிறாங்களா? இல்ல, நாம வேத்தூர்க்காரங்கன்னா? நான் என்ன தப்பு பண்ணினேன்?

சாஹித்யா குங்குமச் சிமிழை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்குக் கேட்டாள்: "அம்மா, நம்ம ஏர்போர்ட்ட மூடிட்டாங்களா?"

முடிவு கேட்டீர்களே. சென்னைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

(இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். காலைவரைகூடக் காத்திருக்கவில்லை.)

செப்டம்பர் 25, வியாழன்

எங்கே ஆரம்பிப்பது?

வாட்ச்மேனுக்காவது கொடுக்கலாம் என்று சாயங்காலம் சாஹித்யாவோடு சுண்டலைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவர் நாற்காலியில் இல்லை. பாட்டுச் சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தது. போய்ப் பார்த்தால் மொத்த அபார்ட்மெண்டும் அங்கே இருக்கிறது. நடுவில் ஆவாரம்பூவும் சாமந்தியும் அடுக்கடுக்காகக் கோபுரம் போல. அதுதான் பதுகம்மா, இந்த ஊர்க்காரர்கள் நவராத்திரி சமயத்தில் பூவால் அடுக்கிக் கும்பிடுகிற அம்மன். சுற்றிப் பெண்கள் கைத்தட்டிப் பாடிக்கொண்டு வருகிறார்கள்.

அனுபமா என்னைப் பார்த்துவிட்டு, "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்றுக்கொண்டே ஓடி வந்தாள். "நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சோமே" என்று ஹிந்தியில் சொன்னாள்.

"நானா? நான்தானே உங்களையெல்லாம் கூப்பிட்டேன்."

"ஆறு மணிக்கு பதுகம்மா. ஊருக்கே தெரியும். சரியா அந்த நேரத்துக்கு வீட்ல இருப்போம்னு போட்டீங்க. எங்க ஆட்டத்துக்கு வரமாட்டேன்னு நாசூக்கா சொல்றீங்கன்னு ஆயிடுச்சு."

எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. நான் மாடியில் அவர்களுக்காகக் காத்திருந்திருக்கிறேன், அவர்கள் கீழே எனக்காக. சுண்டல் பாத்திரத்தை யாரோ வாங்கிக்கொண்டார்கள், யாரோ வட்டத்துக்குள் இழுத்தார்கள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். சாஹித்யா அனுபமாவின் பெண்ணோடு கையைக் கோத்துக்கொண்டு என்னைத் தெரியாதவள் மாதிரி சுற்றி வந்தாள்.

நாளைக்கும் ஆறு மணியா என்று கேட்டேன். நாளைக்கு இல்லையாம். பதுகம்மா நம் கொலுவுக்கு ஒரு நாள் முன்பே, அமாவாசையன்று ஆரம்பமாம்; ஆறாம் நாள் அவள் கோபித்துக்கொண்டிருப்பாளாம், அன்றைக்குப் பூ அடுக்க மாட்டார்களாம். "அவ கோபத்துல இருக்கட்டும். நாங்க எல்லாம் உங்க வீட்டுக்கு வர்றோம்" என்றாள் அனுபமா.

செப்டம்பர் 26, வெள்ளி

வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. லிஃப்ட்வரை போய்விட்டது.

யாரும் கெட்சப் பாட்டிலைக் கேலி செய்யவில்லை. தப்பு, ஒருத்தி செய்தாள். "சுண்டல் ஃப்ரீ, லக்கேஜுக்கு எவ்வளவு?" என்றாள். அனுபமாவின் மாமியார் ஒவ்வொரு விமானத்தின் மூக்கிலும் குங்குமம் வைத்தார், தீப்பெட்டிக்கும்கூட. இராஜேந்திர சோழன் என்று நான் சொன்னதும், "மா ராயலு லேரா?" என்று கேட்டார். எங்கள் ராயர் இல்லையா என்று. நான் தெலுங்கைத் தேடிக்கொண்டு நிற்கும்போதே உங்கள் மகள் முன்னால் போய், கிருஷ்ணதேவராயரை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டித் தெலுங்கில் ஆரம்பித்தாள். ராயர் எந்த ஊரெல்லாம் பறந்தார், ஏன் முதுகில் கூன், மாடியில் யார் உட்காருவார்கள்… நிறுத்தவே இல்லை. குழந்தைகள் எல்லாம் தரையில் உட்கார்ந்து கேட்டன. எங்கே கற்றாள்? பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்திருக்கிறாள், வேறென்ன.

கீழ் வீட்டு கமலம் அக்கா தமிழாம். செகந்திராபாத் ரயில்வே குடும்பம். "ஹவ்மா, எல்லாம் வெச்சே, எங்க ரயிலு ஒண்ணுகூட இல்ல. கைக்கு?" என்றார். ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் ஏன், இந்த ஊர் உருது.

"நீங்க தமிழ்னு தெரியவே தெரியாதேக்கா."

"நீ லிஃப்டுல போனைப் பாத்துக்கினே வருவே, போனைப் பாத்துக்கினே போவே. நான் யார்கிட்ட பேசறது? நக்கோ, வேணாம், மூஞ்சியத் தூக்காதே. இன்னும் ரெண்டு கரண்டி சுண்டல் போடு."

கான்ஸ்டலேஷனின் வால் போய்விட்டது. யாரோ ஒரு குழந்தை பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறது. மூன்று துடுப்பில் ஒன்று மிச்சம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பரீட்சை நாட்களில் போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். புதன்கிழமைப் பக்கத்தைப் படித்துவிட்டு உள்ளே போனீர்களா, படிக்காமலா?

நான் சொன்னால் நீங்கள் உடனே செய்துவிடுகிற ஆள். அதுதான் கவலை.

செப்டம்பர் 29, திங்கள்

நாளைக்குப் பெரிய பதுகம்மா, கடைசி நாள். என்னையும் ஒன்று அடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆவாரம்பூ வாங்க அனுபமா காலையில் கூட்டிப் போகிறாள். சாஹித்யா அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். டீச்சர் இன்று நிறுத்திவைத்துச் சொன்னார்: வகுப்பில் பேச்சை நிறுத்தமாட்டேன் என்கிறாளாம், கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்று. கண்டிக்கவில்லை.

மாற்றலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் உங்கள் மேலதிகாரியிடம் நான்தான் அவசரப்பட்டேன் என்று சொல்லித் திரும்ப வாங்குங்கள். என் பேரைச் சொல்லலாம், எனக்கொன்றும் வெட்கமில்லை. இதைப் படித்ததும் எது நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.