காபரே என்றால் சாப்பாட்டுக் கடையாம்

12 ஜூன் 1968, புதன். மரைன் ஹில்.

ஆபீஸ் வேலையாகக் கல்கத்தா போன இவர் நேற்றுதான் கப்பலில் தீவுக்குத் திரும்பினார். இன்று துவைக்கும்போது சட்டைப் பையில் ஒரு சீட்டு. 'காபரே' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. கேட்டேன்.

"சாப்பாட்டுக் கடை, வேற என்ன?" என்றார்.

மனசு ஒப்பவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் வங்காளி டீச்சரைக் கேட்டேன். அது பிரெஞ்சு வார்த்தையாம். ஆதியில் சாராயமும் சாப்பாடும் விற்கிற கடைக்குப் பெயராம். பிறகு அங்கேயே பாட்டும் ஆட்டமும் வந்ததாம். "இப்போ பொண்ணுங்க ஆடுவாங்க, ஆம்பளைங்க குடிச்சிக்கிட்டே பார்ப்பாங்க" என்று அவள் இந்தியில் சொல்லிச் சிரித்தாள்.

அப்படியானால் இவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

ராத்திரி சோறு போடும்போது, "அந்தக் கடையில சாப்பாடு எப்படிங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆட்டமெல்லாம் நான் பார்க்கல" என்றார், தலை நிமிராமல்.

ஆட்டத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.