மைக் நின்ற பிறகு அம்மா பேசியது

பாப்பாவுக்கு,

இன்று மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் செய்தி வந்தது. கல்வி அமைச்சரின் உதவியாளர்தான் போன் செய்தார். "சார், நாளைக்குக் காலையில சபையில வருது, சட்டத்துக்கு மேடம் பேரையே வைக்கிறோம், குடும்பத்துல இருந்து ஒரு கையெழுத்து மட்டும் வேணும்" என்றார். அம்மா மாதிரி எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்த ஒருவர் பெயரில் ஆளுங்கட்சி சட்டம் கொண்டுவருவது இதுதான் முதல் தடவை என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். பார், உன் நலத்தைக் கூடக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன். அங்கே குளிர் எப்படி, இருமல் நின்றதா, பரீட்சைக்குப் படிக்க முடிகிறதா? அம்மா போன பிறகு முடிகிறதா என்று கேட்பதே தப்புதான், இருந்தாலும் கேட்கிறேன். நான் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. டீ போடுகிறேன், குடிக்க மறந்துவிடுகிறேன், மறுபடி சூடு பண்ணுகிறேன். நேற்று மிக்ஸி ரிப்பேர் என்று நினைத்து முழுசாகக் கழற்றிவிட்டேன், கடைசியில் பார்த்தால் பிளக்கே போடவில்லை. உன் சித்தி பார்த்துவிட்டு, "மாமா, நல்லா ஓடுற பொருளை எல்லாம் கழட்டிப் போட்டா வீட்டுல என்னதான் மிஞ்சும்" என்று திட்டிக்கொண்டே திருகாணிகளை எல்லாம் ஒரு கிண்ணத்தில் பொறுக்கி வைத்தாள். அவள் தினமும் வந்துவிட்டுப் போகிறாள், அதனால் சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்படாதே.

அந்தச் சட்டத்தின் நகலையும் கையோடு அனுப்பி வைத்திருந்தார்கள். சித்தி சொல்லித் தெரிந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை, அதைப் பிரிப்பதற்கு முன்பே நாலைந்து தடவை கேட்டுவிட்டேன், "சரின்னு சொல்லிடுப்பா, அம்மா பேர் எங்கேயாவது நிக்கட்டும்ப்பா" என்று நீ அழுதுகொண்டே சொன்னாய், அதனால் கையெழுத்துப் போடுகிற எண்ணத்தில்தான் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் குறைந்த சின்னப் பள்ளிகளை மூடிப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்ப்பது, சேர்க்கிற இடத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, எந்த ஆசிரியர் பதவியும் ரத்தாகக் கூடாது, நூலகம் வேண்டும், இப்படி அம்மா கேட்டது ஒவ்வொன்றும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது வயரிங் படம் ஒன்றுதான், அதைப் பார்ப்பதுபோல் விரலை வைத்து முதலில் இருந்து கடைசிவரை பார்த்தேன். எல்லா லைனும் இருக்கிறது, எர்த் மட்டும் இல்லை. எர்த் இல்லாமலும் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், தொடுகிறவனுக்குத்தான் தெரியும். பஸ் இல்லை பாப்பா. பெரிய பள்ளிக்குப் பஸ் ஓட ஆரம்பித்த பிறகுதான் சின்னப் பள்ளியைப் பூட்ட வேண்டும் என்று அம்மா கேட்டாளே, அது எங்கேயுமே இல்லை.

உதவியாளரைத் திருப்பிக் கூப்பிட்டேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் பேசினார். "சார், மேடம் அன்னைக்குச் சபையில பேசினதை வரிக்கு வரி எடுத்துத்தான் எழுதியிருக்கோம், சபைக் குறிப்புல இருக்கிற ஒரு வார்த்தையைக் கூட விடல, நீங்களே வாங்கிப் பாருங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உனக்கே தெரியும், சபையின் மைக்குகளைப் பார்த்துக்கொள்கிற எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு, பச்சை, மஞ்சள் என்று வந்து நேரம் முடிந்து சிவப்பு விளக்கு விழுந்தால் பேசுகிறவர் யாராக இருந்தாலும் மைக்கை நிறுத்திவிட வேண்டும், மைக் நின்ற பிறகு பேசுவது குறிப்பில் ஏறாது. அம்மா பேச எழுந்தால் நான் அந்த நாற்காலியில் உட்காருவதில்லை, நாளைக்கு யாரும் ஒன்று சொல்லிவிடக் கூடாது என்று என்னோடு வேலை பார்க்கிற தம்பியை உட்காரவைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான். சிவப்பு விழுந்தது, அவன் நிறுத்தினான், அவன் வேலை அது. அம்மா நிறுத்தவில்லை. வெறும் தொண்டையில் பேசினாள், எதிர் வரிசைக்காரர்கள் "உட்காருங்கம்மா, உட்காருங்க" என்று மேஜையைத் தட்டினார்கள், அந்தச் சத்தத்துக்கு மேலே பஸ் பஸ் என்று கத்திக்கொண்டிருந்தாள். அமைச்சர் மூன்றாவது நாற்காலியில்தான் இருந்தார், அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடு, விளக்கு உனக்காகக் காத்திருக்காது என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "காரணத்தைச் சொல்லாம கேட்டா எவன் தருவான், நீங்க வீட்டுலயாவது என் மைக்கை நிறுத்தாம இருங்க" என்பாள். அடுத்த வாரம் பஸ்ஸைப் பற்றி எழுதியே கொடுத்துவிடுகிறேன், எழுத்துக்குச் சிவப்பு விளக்கு கிடையாது என்று அன்றைக்குச் சாயங்காலம் காரில் வரும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த வாரம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார், நானும் தலையை ஆட்டினேன், இப்போதும் அந்தப் படம்தான் கண்ணில் நிற்கிறது, அவள் முகம் சரியாக வரமாட்டேன் என்கிறது. அழுகையும் வரவில்லை. இரங்கல் கூட்டத்தன்று சபை முழுவதும் எழுந்து நின்றதே, உன் சித்தி பார்வையாளர் மாடத்தில் என்னோடு இருந்தாள், "பேசும்போது உட்காரு உட்காருன்னாங்க, போனதுக்கு அப்புறம் எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க பாருங்க மாமா" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். காவலர் வந்து அவளை அதட்டினார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, எந்த மைக்கிலோ லேசாக இரைச்சல் வருகிறதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்று உதவியாளரிடம் சொன்னேன். "அது எப்படி சார், பள்ளிக்கூடம் எங்க துறை, பஸ் போக்குவரத்துத் துறை, வேற ஃபைல் சார்" என்றார். பிள்ளை ஒன்றுதானே சார் என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். அப்புறம் அம்மாவின் கட்சித் தலைவரே கூப்பிட்டார். "தம்பி, நீங்க டெக்னிகல் ஆளு, ரொம்ப நுணுக்கமாப் பாக்குறீங்க, முதல்ல பேர் வரட்டும், தேர்தல்ல அந்தப் பேரே நமக்குப் பாதி வேலை பார்த்துடும், பஸ்ஸை நாம ஆட்சிக்கு வந்து விட்டுக்கலாம்" என்றார். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகள் எதில் போவார்கள் ஐயா என்று கேட்டேன். "உங்களுக்கு மனசு சரியில்ல, நல்லாத் தூங்கி எந்திரிங்க" என்று வைத்துவிட்டார். நான் சபையில் சம்பளம் வாங்குகிறவன், இதற்குப் பிறகு என்னை எந்த மூலைக்கு மாற்றுவார்களோ தெரியாது, அந்தப் பயமும் இருக்கிறது, உன் படிப்பு முடிய வேண்டும், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் யோசித்துப் பார் பாப்பா. போன வருடம் ஒரு பள்ளியை மூடினார்கள் என்று அம்மா போனாளே, அங்கே இருந்து அடுத்த பள்ளிவரைக்கும் பிள்ளைகளோடு லாரி போகிற ரோட்டு ஓரமாக நடந்தே போய், புழுதியோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, "ஏழு வயசுப் பொண்ணு லாரி வந்தா தானாவே பள்ளத்துல இறங்கி நிக்குதுங்க, யாரும் சொல்லித் தரல, அதுவாவே பழகிடுச்சு" என்று சொன்னாளே. நாளைக்கு ஒரு பள்ளியைப் பூட்டிக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அதில் எந்தச் சட்டத்தின்படி என்று போட வேண்டும் அல்லவா, அங்கே அம்மா பேர் இருக்கும். அந்தப் பொண்ணு அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்கும். அம்மா பேர் நிற்கட்டும் என்று நீ கேட்டது தப்பே இல்லை, எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை, எங்கேயாவது அந்தப் பேரைப் பெரிதாக எழுதிப் பார்த்துவிட்டால் இந்த மரத்துப்போனது கொஞ்சம் விடும் என்று கூடத் தோன்றுகிறது. ஆனால் அந்த இடத்தில் வேண்டாம். பஸ் இல்லாமல் பேர் இல்லை என்று இரண்டே வரி எழுதி, ஐந்து மணிக்குள் உன் சித்தி கையில் கொடுத்து அமைச்சர் ஆபீஸில் சேர்த்துவிட்டேன். சபை கூடுகிறவரைக்கும் மனசு மாறினால் ஒரு போன் போதும் என்று அங்கே அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கோபப்படு, பரவாயில்லை, அப்பாவிடம் கோபப்படாமல் யாரிடம் கோபப்படுவாய். ஆனால் அந்தக் கோபத்தில் பட்டினி கிடக்காதே, பரீட்சையை விட்டுவிடாதே. இருமலுக்கு டாக்டரைப் பார், மருந்துக்கடையில் நீயாகக் கேட்டு வாங்காதே. வாடகை வீட்டு ஹீட்டரில் தீய்ந்த வாடை வருகிறது என்றாயே, அதைத் தொடாதே, ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும், அம்மா மாதிரி உரக்கப் பேசுகிறவளாக இருக்க வேண்டும். அவசரம் என்றால் சித்தி நம்பருக்கும் கூப்பிடு, அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்போடும் ஆசியோடும்,
உன் அப்பா

காலையில் சபை கூடுகிறவரைக்கும் என்னைப் போனில் பிடிக்க முடிந்திருக்காது. மற்றவர்களுக்கு எப்படியாவது பதில் சொல்லிவிடுவேன், நீ ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டால் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் போனை அணைத்துவிட்டேன்.