வலிக்காத உயரம்

என்னங்க,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தோஹாவுக்குக் கிளம்பும்போது, "பேஸ் கிதாரை யாராவது கேட்டா குடுத்துடு"ன்னு சொல்லிவிட்டுப் போனீர்கள். நேற்று அதை உங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அறிவுச்செல்வன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் உங்களைப் போலவே ஓங்கி அடித்து வாசித்ததும் தந்திகள் கடகடவென்று அதிர்ந்தன.

"இது அவரு கைக்கு வெச்சதே இல்லம்மா. அவரு அடிக்கிற அடிக்குக் கம்பி ஒசரமா இருக்கணும். மெல்லிசுக் கம்பியா மாத்தி, இவ்ளோ கீழ இறக்கியிருக்காரு. யாருக்காம்?"

எனக்குப் புரிந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க கிதாரில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளைத் திருகிக்கொண்டு, "இங்க அழுத்து, வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வலிக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கினீர்கள். கிதாரைச் சோதிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் இல்லாத நேரத்தில் நான் அதை எடுத்து வாசிப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? என்னிடம் கேட்டால் இல்லை என்றிருப்பேன். அதனால் என் விரலிடமே கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் போல ஒரு மனுஷரை நான் எங்கே பார்ப்பேன்?

அண்ணனிடமிருந்து வாங்கி மெதுவாக வாசித்தேன். ஒரு தந்திகூடக் கடகடக்கவில்லை.

"பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில கச்சேரி இருக்கு. வர்றியாம்மா?" என்றார். வருகிறேன் என்றேன்.

நீங்கள் கழற்றிய கனத்த தந்திகள் உறையிலேயே பத்திரமாக இருக்கின்றன.

யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொன்னீர்கள். நான் கேட்டேன். கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டு பேஸ் கிதார்க்காரி