கடலுக்குக் கிட்ட ஓர் இடம்

சுட்ட சோளத்தில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்க்கும் வாசனை இன்றும் என்னை உன் பின்சீட்டில் ஏற்றிவிடுகிறது. மந்தைவெளியில் பஸ் பிடித்து பெசன்ட் நகர் கடற்கரைக்குத் தனியாக வந்திருக்கிறேன். அக்கா, நீ இறந்துபோன பிறகு இதுதான் முதல் முறை.

வந்ததும் கண் தேடியது நம் இடத்தைத்தான். தரையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்த, கட்டணம் கேட்காத அந்த ஒரு பார்க்கிங் கட்டம். போலியோ வந்த காலோடு நீ ஓட்டிய, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை அதில் நிறுத்திவிட்டால் இறங்கவே மாட்டாய். மணலில் ஊன்றுகோல் புதையும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கடல் தெரிவது அங்கு மட்டும்தான். வேறெங்கு நிறுத்தினாலும் கார்களின் முதுகைத்தான் பார்க்கவேண்டும். சீட்டுக் கிழிப்பவர், "உங்களுக்கு ஃப்ரீம்மா, போங்க" என்று கையை ஆட்டும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். உனக்குச் சிரிப்பு. "காசு என்னடி காசு, கடல் கிட்ட ஒரு இடம் குடுத்தாங்க பாரு, அதான் விஷயம்" என்பாய்.

அதில் எவராவது காரை விட்டுப் போயிருந்தால் நீ சண்டைக்குப் போனதில்லை. அந்தக் காரின் பின்னால் ஸ்கூட்டரை ஒட்டி நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு சோளம் வாங்கிவரச் சொல்வாய். கார்க்காரர் வந்து எவ்வளவு ஹாரன் அடித்தாலும், "அவசரமில்ல சார், இத தின்னுட்டு எடுத்துடறேன்" என்று ஒரு சோளமணி விடாமல் தின்பாய். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வேன். "என்னடி, பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?" என்று முழங்கையால் இடிப்பாய். அந்த இடிக்காக ஏங்குகிறேன் என்றால் நம்புவாயா?

இன்று அதில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. பழக்கதோஷத்தில் இரண்டு சோளம் வாங்கிவிட்டேன். ஸ்கூட்டர் இல்லாததால் நானே காரின் பின்னால் போய் நின்றுகொண்டேன். சற்று நேரத்தில் அதன் சொந்தக்காரர் வந்தார்.

"கொஞ்சம் நகருங்க மேடம், வண்டி எடுக்கணும்."

"அவசரமில்ல சார், இத தின்னுட்டு நகர்ந்துடறேன்."

இந்த முறை முகத்தை மூடவில்லை. அவர் தரையில் இருந்த படத்தைப் பார்த்தார், காத்திருந்தார். தின்று முடித்து நகர்ந்தேன். கார் போயிற்று.

கடல் முழுசாகத் தெரிந்தது. இத்தனை வருடங்கள் உன் தோளுக்கு இந்தப் பக்கமிருந்து பாதிக் கடலைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பாதியே போதும். தோள்தான் இல்லை.

அதற்குள் இன்னொரு கார் மெல்ல மூக்கை நுழைத்தது. நான் கட்டத்தின் நடுவில் போய் நின்று கையை நீட்டினேன்.

"இங்க ஆள் வராங்க சார்."

அவர் பின்னால் எடுத்துப் போய்விட்டார். கையில் உன் சோளம் ஆறிக்கொண்டிருந்தது. நீ வருகிறாயா என்று நானே சாலையைத் திரும்பிப் பார்த்தேன்.